வரைந்தவர், சரிபார்த்தவர்

ரௌமாவில் கடல் உறைந்துகிடந்த ஒரு பிப்ரவரி.
பயணிகள் கப்பலின் கழிவறைக் குழாய்களுக்கு
வளைவு கணக்கிட்டுக்கொண்டிருந்தோம் இருவரும்,
ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி.
விர்வே லெஹ்தோலா வரைவாள்.
நான் சரிபார்ப்பேன்.
தாளின் வலது மூலையில் இரண்டு கட்டங்கள்,
இரண்டு பேரின் முதலெழுத்துகள்.
ஆயிரத்தெழுநூறு பேர் ஒரே நேரத்தில் குளித்தால்
அழுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று
எங்களுக்குத் தெரியும்.
விருந்துகளில் யாரும் அதைக் கேட்டதில்லை.

பிறகு வந்தது அந்தச் சின்ன ஒப்பந்தம்:
விண்வெளி நிலையத்துக்கு ஒரு வால்வு.
சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தில்
கட்டைவிரல் பருமனுள்ள உறுப்பு.
மேலும் இல்லை கீழும் இல்லை என்றால்
தண்ணீருக்கு எப்படி வழி சொல்வது?
மூன்று வாரம் அவள் தூங்கவில்லை.
நான் தூங்கினேன்.

அந்த வருடமே விண்ணப்பம் போட்டாள்.
நான் சிரித்தேன்; பொறாமை அன்று
சிரிப்பின் சட்டையைப் போட்டிருந்தது.
சிறுநீரகத்தில் கல் என்று திருப்பி அனுப்பினார்கள்.
"தண்ணீர்க்காரிக்கு வேறென்ன வரும்" என்றாள்,
கல்லைக் கரைத்தாள்,
கணவனை விட்டாள், ரஷ்ய மொழி படித்தாள்,
ஆறாண்டு கழித்து மறுபடி போட்டாள்.
உறைநீரில் இறங்கிப் பழகும் பயிற்சியில்
மற்றவர்கள் பல்லைக் கடித்தார்களாம்.
பனியில் துளையிட்டு முங்கி எழுவது
எங்களூரில் பயிற்சியல்ல,
சனிக்கிழமை.

"ஒரு பெண்ணாக எப்படி உணர்கிறீர்கள்?"
என்று கேட்டது தொலைக்காட்சி.
"குழாய்க்காரியாக" என்றாள்.
மொழிபெயர்த்தவர் அதை விழுங்கிவிட்டார்.

அவள் ஏறிய நாள் வியாழக்கிழமை.
வியாழன் என்றால் உணவகத்தில் பட்டாணி சூப்.
நாற்பது வெல்டர்கள், ஒரு திரை.
நெருப்பு மேலேறிப் புள்ளியாகி
புள்ளியும் போனபின்
வெகுநேரம் யாரும் கரண்டியைத் தொடவில்லை.

தொண்ணூற்றேழாம் நாள் ஒழுகியது.

இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பி
அழைப்பில் சேர்த்தார்கள்.
மஞ்சள் மணிகள் காற்றில் உருள்கின்றனவாம்.
துணியால் ஒன்றொன்றாகப் பிடித்துக்கொண்டே
பலகையைக் கழற்றினாள்.
"வால்வில் எண் இருக்கிறதா?"
இருந்தது.
படித்தாள்.
பாதியிலேயே மீதி எண்கள்
என் வாய்க்குள் வந்துவிட்டன.

ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம்
புள்ளி இரண்டு மில்லிமீட்டர் அதிக ஆழம்.
கப்பலில் அது ஒரு பொருட்டே அல்ல.
வரைபடத்தை யாரோ திரையில் விரித்தார்கள்.
வலது மூலை. இரண்டு கட்டங்கள்.
"இந்த அளவை ஏற்றது யார்?"

நான் வாயைத் திறந்தேன்.
சத்தியமாகத் திறந்தேன்.
மேலிருந்து குரல் வர அரை நொடி பிந்தும் என்பார்கள்,
அன்று முந்திக்கொண்டது.
"நான்தான்" என்றாள் விர்வே. "என் பிழை.
அடுத்த வேலையைப் பார்ப்போம்."

காப்பிப் பொட்டலத்தின் உறையை
நகக்கத்தரியால் பட்டையாக நறுக்கினாள்.
ஒரு சுற்று போதவில்லை, இரண்டு சுற்று.
வளையத்துக்கு அடியில் செருகி
திருகை முடுக்கினாள்.
நான்கு மணி நேரம் காத்திருந்தாள்.
வந்த தண்ணீரை முதலில் குடித்ததும் அவள்தான்.

மே மாதம் ரௌமா வந்தாள்,
படிகளில் கைப்பிடியை விடாமல்.
நீலம் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா,
கடவுள் தெரிந்தாரா என்று ஊரே கேட்டது.
நான் கேட்டது ஒன்றுதான்:
"மறுபடி ஒழுகிற்றா?"
"இல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"காப்பிதான் குறைந்துபோனது."

பிறகு பையிலிருந்து தாளை எடுத்தாள்.
அதே வால்வு, புது ஆழம்.
ஒரு கட்டத்தில் அவள் எழுத்து.
மறு கட்டம் வெறுமை.
மேசையின் குறுக்கே அதை என் பக்கம் தள்ளிவிட்டு
சன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் அளவுகோலை எடுத்தேன்.
மாலை வரை எடுத்துக்கொண்டேன்.